ஆன்லைனில் போட்ட போட்டோவை அனுமதியில்லாமல் எடுத்தால் என்ன செய்வது? வாட்டர்மார்க் முதல் சட்டம் வரை முழு விளக்கம்

2010-ம் ஆண்டு ஜனவரி 12. கரீபியன் கடலில் உள்ள ஹைட்டி நாட்டைப் பெரும் நிலநடுக்கம் ஒன்று புரட்டிப் போட்டது. தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் இருந்த புகைப்படக் கலைஞர் டேனியல் மொரேல், இடிபாடுகளுக்கு நடுவே எடுத்த படங்களை அன்றே ட்விட்டர் வழியாக வெளியிட்டார். கொஞ்ச நேரத்தில், வேறொருவர் அந்தப் படங்களை எடுத்து, தான் எடுத்ததுபோலத் தன் கணக்கில் போட்டுக்கொண்டார். அங்கிருந்து அவை ஏஎஃப்பி செய்தி நிறுவனத்துக்கும், அதன் வழியாக கெட்டி இமேஜஸ் நிறுவனத்துக்கும் போய், பல நாட்டு ஊடகங்களில் வெளிவந்தன. படத்தை எடுத்தவர் என்று முதலில் போனது மொரேலின் பெயர் அல்ல, திருடிப் போட்டவரின் பெயர்.

மொரேல் தரப்பு எதிர்ப்பு தெரிவித்ததும், ஏஎஃப்பியே முந்திக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனது. ட்விட்டரில் போட்ட படத்தை மற்றவர்கள் பயன்படுத்த அந்தத் தளத்தின் நிபந்தனைகளே அனுமதி தருகின்றன என்று அது வாதிட்டது. 2013 ஜனவரியில் நியூயார்க் நீதிமன்றம் இதை ஏற்க மறுத்தது. அதே ஆண்டு நவம்பரில், 8 படங்களுக்காக மொரேலுக்கு 12 லட்சம் டாலருக்கும் மேல் இழப்பீடு தர வேண்டும் என்று ஜூரி முடிவு சொன்னது.

படம் கைமாற ஒரு சில மணி நேரம் போதுமானதாக இருந்தது. நியாயம் கிடைக்கக் கிட்டத்தட்ட 4 ஆண்டுகள் ஆனது.

வீட்டிலிருந்தே புடவை விற்பவர், சமையல் படம் போடுபவர், கல்யாண போட்டோ எடுக்கும் ஸ்டுடியோக்காரர், குழந்தையின் பிறந்தநாள் படத்தைப் பகிரும் பெற்றோர் என எல்லோரும் இன்று மொரேல் நின்ற இடத்தில்தான் நிற்கிறார்கள். நீங்கள் எடுத்த புடவைப் படம் இன்னொரு கடையின் விளம்பரத்தில் வந்தால் என்ன செய்ய முடியும்? வராமல் தடுக்கத்தான் முடியுமா?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். திரையில் தெரியும் படத்தை யாருமே காப்பி எடுக்க முடியாதபடி பூட்டுவது நடக்காத காரியம். ஆனால் திருடுவதைக் கஷ்டமாக்க முடியும், "இது என்னுடையது" என்று நிரூபிக்கத் தயாராக இருக்க முடியும். இந்த இரண்டும் உங்கள் கையில்தான் இருக்கின்றன.

நெட்டில் இருந்தால் எல்லோருக்கும் சொந்தமா?

இல்லை. இந்தியாவின் 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தில் போட்டோவும் ஓவியம், சிற்பம் போல ஒரு கலைப்படைப்புதான். படத்தை எடுத்த அந்த நொடியிலேயே உரிமை வந்துவிடும். எங்கும் பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வட்டத்துக்குள் 'சி' போட்ட அந்தக் குறியும் கட்டாயம் இல்லை. 2012 திருத்தத்துக்குப் பிறகு, எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த பின் மேலும் 60 ஆண்டுகளும் இந்த உரிமை நீடிக்கும்.

படத்துக்குக் கீழே "நன்றி: கூகுள்", "நன்றி: இணையம்" என்று போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். கூகுள் எந்தப் படத்தையும் எடுக்கவில்லை, தேடித்தான் காட்டுகிறது. எடுத்தவரின் பெயரையே போட்டு நன்றி சொன்னாலும் அது அனுமதி ஆகிவிடாது. சொந்த உபயோகம், ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி போன்ற சில தேவைகளுக்கு மட்டும் நியாயமான அளவில் பயன்படுத்த 52-வது பிரிவு இடம் தருகிறது. கடை விளம்பரம் இதில் வராது.

ஐரோப்பாவிலும் இதே கேள்வி எழுந்தது. ஸ்பெயினின் கொர்டோபா நகரப் படம் ஒன்றை, ஜெர்மனியில் ஒரு பள்ளி மாணவி பயணத் தளம் ஒன்றிலிருந்து எடுத்துத் தன் பாடக் கட்டுரையில் சேர்த்தார். பள்ளி அதைத் தன் இணையதளத்தில் ஏற்றியது. மூலத் தளத்தில் அந்தப் படத்தை யார் வேண்டுமானாலும் தடையில்லாமல் பார்க்கலாம் என்றாலும், அதை இன்னொரு தளத்தில் ஏற்ற எடுத்தவரிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும் என்று 2018 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சரி, படம் யாருக்குச் சொந்தம்?

பலரும் குழம்பும் இடம் இது. படத்தில் இருப்பவர் வேறு, படத்தை எடுத்தவர் வேறு. சட்டப்படி பார்த்தால் எடுத்தவர்தான் படைப்பாளி. உங்கள் செல்போனில் உங்களையே உங்கள் நண்பர் எடுத்துக் கொடுத்தாலும், ஷட்டரை அழுத்தியவர் அவர்தான்.

இதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு. காசு கொடுத்து ஒருவரைப் படமெடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், காசு கொடுத்தவர்தான் முதல் உரிமையாளர் என்கிறது 17-வது பிரிவு. அதாவது, கல்யாண வீட்டார் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படங்கள், எழுத்தில் வேறு எதுவும் பேசிக்கொள்ளாவிட்டால், கல்யாண வீட்டாருக்கே சொந்தம். ஸ்டுடியோக்காரர் அவற்றைத் தன் இன்ஸ்டாகிராமில் போட நினைத்தால், ஆர்டர் எடுக்கும்போதே அதற்கு எழுதி வாங்கிவிட வேண்டும். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் அந்த வேலைக்காக எடுக்கும் படங்களும் பொதுவாக நிறுவனத்துக்குப் போய்விடும்.

உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதும் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். 'வாட்ஸ்அப்பில் ஓகே சொன்னீங்களே' என்று கடைக்காரர் சொன்னால், மொத்த உரிமையும் அவருக்குப் போய்விட்டதாக ஆகாது.

இன்ஸ்டாகிராமுக்கு நாம் எழுதிக் கொடுப்பது என்ன?

கணக்கு தொடங்கும்போது படிக்காமல் டிக் அடிக்கும் நிபந்தனைகளில் ஒன்று, நாம் போடும் படத்தைப் பயன்படுத்த அந்த நிறுவனத்துக்குத் தரும் லைசென்ஸ். படத்தின் உரிமை நம்மிடமே இருக்கும். ஆனால் அதை உலகம் முழுக்கக் காட்ட, சேமிக்க, தளத்தில் பகிர, கட்டணம் எதுவும் தராமல் அந்த நிறுவனம் பயன்படுத்திக்கொள்ளலாம். தளத்தில் உள்ள ஷேர் பட்டனை அழுத்தி ஒருவர் பகிர்வது இந்த அனுமதிக்குள் வரும். அதே படத்தை டவுன்லோடு செய்து தன் கடைப் பக்கத்தில் புதிதாக ஏற்றுவது வராது. மொரேல் வழக்கில் ஏஎஃப்பியின் வாதம் தோற்றதும் இந்த வித்தியாசத்தால்தான்.

ரைட் கிளிக்கைத் தடுத்தால் போதுமா?

சொந்த இணையதளம் வைத்திருப்பவர்கள் முதலில் செய்வது இதைத்தான். ரைட் கிளிக் செய்தால் "காப்பி செய்யக்கூடாது" என்று எச்சரிக்கை வரும். ஆனால் ஒரு படம் உங்கள் திரையில் தெரிகிறது என்றாலே, பிரவுசர் அதை ஏற்கனவே உங்கள் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்துவிட்டது என்று அர்த்தம். கொஞ்சம் விவரம் தெரிந்தவர் அங்கிருந்து எடுத்துக்கொள்வார். அதுவும் தெரியாதவர் ஸ்க்ரீன்ஷாட் எடுப்பார். ஸ்க்ரீன்ஷாட்டையும் தடுத்தால் இன்னொரு போனில் படமெடுக்கலாம். அவ்வளவுதான்.

அதற்காக இந்தத் தடைகள் சுத்தமாக வீண் என்றும் சொல்ல முடியாது. 2017 ஜூன் மாதம் ஃபேஸ்புக், ப்ரொஃபைல் படத்துக்கு ஒரு பாதுகாப்பு வசதியை இந்தியாவில்தான் முதலில் கொண்டுவந்தது. தங்கள் படத்தை யாராவது தவறாகப் பயன்படுத்துவார்களோ என்ற பயத்தில் இந்தியப் பெண்கள் பலர் முகம் தெரியும் படமே போடுவதில்லை என்பதுதான் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. படத்தின் மேல் கூடுதலாக ஒரு டிசைனைச் சேர்த்தால், அதைப் பிறர் காப்பி எடுப்பது குறைந்தது 75 சதவீதம் குறைவதாக ஆரம்பகட்டச் சோதனைகளில் தெரிந்தது என்றும் அந்த நிறுவனம் அப்போது சொன்னது. போகிற போக்கில் எடுத்துப் போகிறவரை இப்படிப்பட்ட தடைகள் நிறுத்தும். எடுத்தே தீருவது என்று வருபவரை நிறுத்தாது.

வாட்டர்மார்க்கை எங்கே போட வேண்டும்?

மூலையில் சின்னதாகப் பெயர் போடுவதுதான் வழக்கம். மூலையை வெட்டிவிட்டால் பெயரும் போய்விடும். புடவைப் படமென்றால் புடவையின் மேலேயே, முகமென்றால் தோள் பக்கமாக, பின்னால் இருப்பது தெரியும்படி மங்கலாகப் போடுவது நல்லது. வெட்டினால் படத்தில் முக்கியமானதையும் சேர்த்து வெட்ட வேண்டியிருக்கும்.

இன்னொரு விஷயமும் உண்டு. ஒரே வாட்டர்மார்க்கை எல்லாப் படங்களிலும் ஒரே மாதிரி போட்டால், அந்தப் படங்களை ஒன்றாகச் சேர்த்து ஒப்பிட்டு, வாட்டர்மார்க்கை மட்டும் தானாகவே பிரித்து நீக்க முடியும் என்று கூகுள் ஆய்வாளர்கள் 2017-ல் செய்து காட்டினார்கள். படத்துக்குப் படம் அதன் வடிவத்தைக் கொஞ்சம் வளைத்து மாற்றினால் நீக்குவது கடினமாகிறது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. இப்போது ஏஐ கருவிகள் ஒற்றைப் படத்திலிருந்தே எழுத்தை அழித்து, அந்த இடத்தை ஒப்பேற்றிவிடுகின்றன. ஆனாலும் புடவையின் ஜரிகை, கோயில் சிற்பம் போல நுணுக்கமான வேலைப்பாட்டின் மேல் எழுத்து இருந்தால், அழித்த இடத்தைக் கூர்ந்து பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சின்ன படத்தைப் போடுங்கள், பெரியதை வைத்துக்கொள்ளுங்கள்

இது செலவே இல்லாத வழி. 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் சுமார் 6000-க்கு 4000 பிக்சல் இருக்கும். தரமான அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் தேவை என்று வைத்தால், அந்தப் படத்தை 20 அங்குல அகலத்துக்கு அச்சிடலாம். அதையே 1080 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிப் போட்டால், செல்போன் திரையில் பளிச்சென்றுதான் தெரியும். ஆனால் அதே தரத்தில் அச்சிட்டால் மூன்றரை அங்குலத்துக்கு மேல் தாங்காது.

இதில் இன்னொரு பெரிய லாபம் இருக்கிறது. திருடியவரிடம் இருப்பது அந்தச் சின்ன படம் மட்டும்தான். உங்களிடம் 6000 பிக்சல் ஒரிஜினல் இருக்கும், கேமராவில் அந்த வசதி இருந்தால் 'ரா' ஃபைல் இருக்கும், அதற்கு முன்னும் பின்னும் எடுத்து வெளியிடாமல் விட்ட நாலைந்து படங்களும் இருக்கும். நாளை "இது யார் எடுத்தது?" என்ற கேள்வி வந்தால், கண் மூடியிருந்ததால் ஒதுக்கி வைத்த அந்தப் படம்கூட உங்கள் சாட்சி ஆகும். போனில் இடம் இல்லை என்று ஒரிஜினலை அழித்துவிட்டு, இன்ஸ்டாகிராமில்தான் இருக்கிறதே என்று விட்டுவிடுவது பெரிய ஆபத்து. அப்போது உங்களிடம் இருப்பதும் திருடியவரிடம் இருப்பதும் ஒரே படம்தான்.

போட்டோவுக்குள் இருக்கும் தகவல்

ஒவ்வொரு டிஜிட்டல் படத்துக்குள்ளும் எக்சிஃப் என்ற தகவல் தொகுப்பு இருக்கும். எடுத்த தேதி, நேரம், கேமரா மாடல் எல்லாம் அதில் பதிவாகும். லொகேஷன் ஆன் செய்திருந்தால் எடுத்த இடமும் பதிவாகும். இதோடு ஐபிடிசி என்ற பகுதியில் உங்கள் பெயர், காப்புரிமைக் குறிப்பு, தொடர்பு கொள்ளும் முகவரி எல்லாவற்றையும் நீங்களே எழுதி வைக்கலாம். லைட்ரூம் போன்ற மென்பொருள்களில் ஒருமுறை அமைத்துவிட்டால் எல்லாப் படங்களுக்கும் தானாகவே சேர்ந்துவிடும். இணையதளங்களில் உள்ள படங்களில் இந்தக் குறிப்பு இருந்தால், கூகுள் படத்தேடலில் அதைக் காட்டவும் வசதி உண்டு.

பிரச்சினை என்னவென்றால், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் போன்றவற்றில் ஏற்றும்போது படம் சுருக்கப்பட்டு, இந்தத் தகவல்களில் பெரும்பகுதி உதிர்ந்துவிடுகிறது. வீட்டு முகவரி வெளியே போகாது என்பதால் இது ஒரு வகையில் நல்லது. ஆனால் உங்கள் பெயரும் கூடவே போய்விடுகிறது. ஒருவர் தெரிந்தே, அதிகாரம் இல்லாமல் இந்த உரிமைத் தகவலை நீக்கினால் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு என்கிறது 65பி பிரிவு. அதனால் வெளியே போன படத்தில் தகவல் இல்லாவிட்டாலும், உங்கள் ஒரிஜினலில் அது இருக்க வேண்டும்.

படத்தை எந்தக் கேமரா எடுத்தது, பிறகு என்னென்ன மாற்றம் நடந்தது என்ற வரலாற்றை டிஜிட்டல் கையெழுத்தோடு படத்திலேயே பதிக்கும் சி2பிஏ என்ற புதிய முறையும் வந்திருக்கிறது. 2023-ல் வந்த லைகா எம்11-பி கேமராவில் இது உள்ளேயே சேர்க்கப்பட்டது. இதுவும் திருட்டைத் தடுக்காது. உண்மையானது எது என்று காட்ட உதவும்.

ஏஐ கம்பெனிகள் எடுத்தால்?

இணையத்தில் உள்ள படங்களை மொத்தமாக அள்ளி ஏஐ மாடல்களுக்குப் பயிற்சி தருவது புதிய கவலை. சொந்தத் தளம் வைத்திருப்பவர்கள் ரோபோட்ஸ் டாட் டெக்ஸ்ட் என்ற சிறிய கோப்பில், எந்தெந்தத் தேடல் எந்திரம் உள்ளே வரக்கூடாது என்று எழுதி வைக்கலாம். இது வாசலில் தொங்கும் போர்டு மாதிரி. மதிப்பவர்கள் மதிப்பார்கள், பூட்டு இல்லை. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்ட கிளேஸ் என்ற இலவச மென்பொருள், ஏஐ ஒரு ஓவியரின் பாணியைக் கற்றுக்கொள்வதைக் குழப்பும் வகையில், கண்ணுக்கு அதிகம் தெரியாத மாற்றங்களைப் படத்தில் செய்கிறது. இது முக்கியமாக ஓவியர்களுக்காக உருவானது. எல்லாப் போட்டோவுக்கும் கவசம் என்று நம்பிவிடக் கூடாது.

திருடு போனது எப்படித் தெரியும்?

கூகுள் லென்ஸ், டின்ஐ போன்றவற்றில் உங்கள் படத்தைக் கொடுத்தால், அதே படம் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடித் தரும். மாதம் ஒருமுறை, உங்களுக்கு வருமானம் தரும் முக்கியமான பத்துப் படங்களை மட்டுமாவது இப்படித் தேடிப் பார்ப்பது நல்லது. ஒன்றில் கிடைக்காதது இன்னொன்றில் கிடைக்கலாம். வாட்ஸ்அப் குரூப்களிலும் பிரைவேட் கணக்குகளிலும் இருப்பது எதிலுமே வராது.

கண்டுபிடிச்சாச்சு, அடுத்து என்ன?

கோபத்தில் முதலில் கமென்டில் போய்ச் சண்டை போடுவதுதான் பலர் செய்வது. அடுத்த நிமிடமே அவர் படத்தை நீக்கிவிட்டால், திருடியதற்கான ஆதாரமும் போய்விடும். அதனால் இந்த வரிசையில் போவது நல்லது.

முதலில் ஆதாரம். முகவரி, தேதி, நேரம் தெரியும்படி முழுப் பக்கத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். லிங்க்கைக் காப்பி செய்து வையுங்கள். படத்தை வைத்து என்ன விற்கிறார்கள், என்ன விலை என்பதையும் சேர்த்து எடுங்கள். வழக்கு என்று போனால், டிஜிட்டல் ஆதாரத்துக்கு பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-வது பிரிவின்படி சான்றிதழ் தர வேண்டியிருக்கும் என்பதால், ஸ்க்ரீன்ஷாட் எடுத்த கருவியையும் ஒரிஜினல் கோப்பையும் பத்திரமாக வைத்திருங்கள்.

இரண்டாவது, நேரடியாக ஒரு செய்தி. "இது நான் எடுத்த படம். நீக்குங்கள், அல்லது இவ்வளவு கட்டணம் தாருங்கள்" என்று மரியாதையாக, எழுத்தில். தெரியாமல் எடுத்தவர்கள் இந்தக் கட்டத்திலேயே நீக்கிவிடுவதும் உண்டு.

மூன்றாவது, தளத்திடம் புகார். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் எல்லாவற்றிலும் காப்புரிமைப் புகாருக்குத் தனிப் படிவம் உண்டு. "பிடிக்கவில்லை" என்று ரிப்போர்ட் அடிப்பது வேறு, இது வேறு. இந்தியச் சட்டப்படியும் எழுத்தில் புகார் தரலாம். 2013-ம் ஆண்டு காப்புரிமை விதிகளின் 75-வது விதிப்படி, முறையான புகார் வந்தால் தளம் 36 மணி நேரத்துக்குள் அந்தப் படத்துக்கான அணுகலை நிறுத்த வேண்டும். ஆனால் 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவைக் கொண்டுவராவிட்டால், தளம் படத்தை மீண்டும் காட்டலாம். இந்தக் கெடுவை மறந்துவிடக் கூடாது.

நான்காவது, நீதிமன்றமும் போலீஸும். பயன்படுத்தத் தடையும் இழப்பீடும் கேட்டு சிவில் வழக்குப் போடலாம். திருடியவர் வேறு மாநிலத்தில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் ஊருக்கான மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடர 62-வது பிரிவு இடம் தருகிறது. தெரிந்தே காப்புரிமையை மீறுவது குற்றமும்கூட. 63-வது பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

பதிவு கட்டாயம் இல்லை என்றாலும், தொழிலுக்கு முக்கியமான படங்களைக் காப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்து வைத்தால், அந்தப் பதிவேடே நீதிமன்றத்தில் முதல்நிலை ஆதாரமாக ஏற்கப்படும்.

முகத்தைத் திருடினால் வழி வேறு

உங்கள் படத்தைப் போட்டுப் போலிக் கணக்கு தொடங்கினாலோ, மார்ஃபிங் செய்தாலோ, அந்தரங்கப் படத்தை வெளியிடுவேன் என்று மிரட்டினாலோ, காப்புரிமை பற்றி யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி, அனுமதியில்லாமல் அந்தரங்கப் பகுதிகளைப் படமெடுத்தாலோ பரப்பினாலோ 66இ பிரிவு பாயும். இரண்டுக்குமே 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. இப்படிப்பட்ட படங்களைப் பாதிக்கப்பட்டவர் புகார் தந்த 24 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021-ல் வந்த விதிகள் சமூக வலைத்தளங்களுக்குக் கெடு வைத்தன.

புகார் தர சைபர் கிரைம் உதவி எண் 1930-ஐ அழைக்கலாம், அல்லது மத்திய அரசின் தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் பதிவு செய்யலாம். 18 வயது நிரம்பியவர்கள் ஸ்டாப் என்சிஐஐ என்ற சேவையையும் பயன்படுத்தலாம். இதில் உங்கள் படம் போனை விட்டு வெளியே போகாது. அதன் டிஜிட்டல் கைரேகை மட்டும் போகும். அதை வைத்து, இதில் சேர்ந்துள்ள தளங்கள் அந்தப் படம் ஏறும்போதே அடையாளம் கண்டு தடுக்க முடியும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் படங்களுக்கு டேக் இட் டவுன் என்ற சேவை இருக்கிறது. மிரட்டுபவருக்குப் பணம் அனுப்புவதும், பயந்து சாட்டை அழித்துவிடுவதும் மட்டும் வேண்டாம். அந்தச் சாட்தான் போலீஸுக்கு முதல் ஆதாரம்.

இன்றைக்கே செய்ய வேண்டியவை

இதுவரை போட்ட படங்களின் ஒரிஜினல்கள் எங்கே இருக்கின்றன என்று ஒருமுறை பாருங்கள். போனைத் தவிர வேறு ஓரிடத்திலும் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். கேமரா செட்டிங்கில் உங்கள் பெயரைச் சேருங்கள். இனி போடும் படத்தைச் சுருக்கி, படத்தின் முக்கியப் பகுதியில் பெயர் போட்டு ஏற்றுங்கள். கல்யாணம், விளம்பரம் போன்ற வேலைகளுக்கு ஒரு பக்க ஒப்பந்தமாவது எழுதி வாங்குங்கள். பள்ளிச் சீருடையோ வீட்டு வாசலோ தெரியும் குழந்தைப் படங்களை, எல்லோரும் பார்க்கும் கணக்கில் போடுவதற்கு முன் ஒருமுறைக்கு இரண்டு முறை யோசியுங்கள். ஒருமுறை வெளியே போன படத்தை முழுவதுமாகத் திரும்பப் பெற எந்தச் சட்டத்தாலும் முடிவதில்லை.